அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

அன்புள்ள சயாமா (ஆசிரியை) அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 24 வயது. பர்மாவில், தட்டோனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவன். தமிழ் எழுதப் படித்ததெல்லாம் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான், அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளாகத் தாய்லாந்தில், மகாசாயில், இறால் உரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன்.

எங்கள் அறையில் நான்கு பேர். மக்வேயிலிருந்து வந்த பமா (பர்மாவின் பெரும்பான்மை இனம்) ஒருவன், பாஅன் ஊர்க் கரேன் ஒருவன், சித்வேயிலிருந்து ஒரு ரக்கைன், பிறகு நான். ஊரில் கட்டாய இராணுவச் சேவைக்குப் பெயர் எழுதுகிறார்கள் என்று செய்தி வந்த இரவு, எல்லாம் அடங்கினால் திரும்பிப் போவோமா என்று பேச்சு எழுந்தது. 'போகாமல்? நம் நாடு அல்லவா' என்றான் மக்வேக்காரன். 'நாடு உன்னுடையது, எனக்கு ஊர்தான் இருக்கிறது' என்றான் கரேன் நண்பன். ரக்கைன் நண்பன் சிரித்துக்கொண்டே, 'மண்டலேயில் இருக்கும் எங்கள் மகாமுனி புத்தர் சிலையை முதலில் திருப்பிக் கொடுங்கள், பிறகு பேசலாம்' என்றான். நான் பதில் சொல்லாமல் என் குடியுரிமை அட்டையை எடுத்துப் போட்டேன். நீல அட்டை. மூவரும் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. மக்வேக்காரன் விளக்குக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'போலியா?' என்று கேட்டான். கேலி செய்யவில்லை, சயாமா. உண்மையாகவே கேட்டான்.

இன்னொரு வேடிக்கை. முழுக் குடிமகனுக்குக் கொடுக்கும் இளஞ்சிவப்பு அட்டைக்கு என் அப்பா வாழ்நாள் முழுக்க அலைந்தார். எனக்கு இப்போது கிடைத்துவிட்டது. அந்நியத் தொழிலாளிகளுக்குத் தாய்லாந்தில் கொடுக்கும் அட்டையும் அதே நிறம்தான்.

எழுதக் காரணம் இதுதான். பொங்கலுக்கு நீங்கள் எழுதிய கட்டுரையில், 'இந்த மண் நமக்குச் சோறு போட்டது, நம் பிள்ளைகள் அந்த நன்றியோடு வாழ வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. படித்ததும் எரிச்சலாக இருந்தது. நன்றி சொல்லிக்கொண்டே இருக்க நான் விருந்தாளியா? அந்த மக்வேக்காரனிடம் யாராவது நன்றியைக் கேட்கிறார்களா?

இன்னொரு கேள்வியும் உண்டு. பகானில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, ஆகவே குடியுரிமைச் சட்டம் கோடு போட்ட 1823க்கு நாம் முந்தியவர்கள், நமக்கும் மண்ணின் மைந்தர் பட்டியலில் இடம் வேண்டும் என்று நம் பையன்கள் கைப்பேசியில் படம் போட்டுப் பரப்புகிறார்கள். இது எடுபடுமா?

பெயரைப் போட வேண்டாம். காரணம் உங்களுக்குத் தெரியும்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு வாரம் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பதில் தெரியாமல் இல்லை, ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இப்போது சில மாதங்களாக மகள் வீட்டில், எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். யாங்கோனில் இருந்தால் இந்தப் பதிலில் பாதியை எழுதியிருக்க மாட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நன்றி என்ற அந்த வரி என் வீட்டில் பிறந்த கதை வேறு. அதைச் சொன்னால்தான் நான் எங்கே வழுக்கினேன் என்பது புரியும்.

என் அப்பா யாங்கோன் ஓரத்தில் பால்மாடு வைத்திருந்தார். ஏழு மாடுகள். பர்மா என்றாலே தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் செட்டியார்களும் தேக்கும்தான் நினைவுக்கு வரும். வயல் வைத்திருந்தவர்கள் கதை வேறு, மாடு வைத்திருந்தவர்கள் கதை வேறு. 1962 மார்ச்சில் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். இரண்டே ஆண்டுகளில் வங்கியில் தொடங்கிக் கடைத்தெரு மளிகைக்கடை வரை அரசுடைமை ஆயிற்று. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பாட்டி தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்த நூறு கியாட் நோட்டுகளை நான் எண்ணி விளையாடியிருக்கிறேன், எனக்கு அப்போது ஆறு வயது. பெரியப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். கடை போயிற்று, குடும்பத்தோடு மெட்ராஸ் கப்பல் ஏறினார். துறைமுகத்துச் சோதனை மேசையில் பெரியம்மாவின் மூக்குத்தியைக்கூடக் கழற்ற வைத்தார்கள் என்பது எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லப்படும் கதை.

அப்பாவையும் கூப்பிட்டார்கள். அப்பா சொன்னது ஒரே வரி: 'மாட்டைக் கப்பலில் ஏற்ற மாட்டார்களே.'

அவ்வளவுதான் தம்பி. நாங்கள் பர்மாவில் தங்கியதற்குக் காரணம் ஏழு மாடுகள். அதில் ஒன்று சினையாக வேறு இருந்தது. மண் மீது பற்று, சோறு போட்ட நன்றி என்பதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது. எப்போது வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வார்டு அலுவலகத்திலிருந்து ஆள் வரும்போது அப்பா சொல்லும் சொல் அது. நல்ல பர்மிய மொழியில், இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு சொல்வார். பால் செம்பு ஒன்றும் கூடவே போகும். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, அது எங்கள் உண்மையான உணர்ச்சி என்று நாங்களே நம்பத் தொடங்கிவிட்டோம். பொங்கல் கட்டுரையில் நான் எழுதிய வரி, அப்பா பால் செம்போடு சேர்த்துக் கொடுத்த வரி.

விருந்தாளியா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதியதாக இருக்கலாம், ஆனால் உங்கள் அட்டையில் அந்தச் சொல்லே அச்சாகியிருக்கிறது. பர்மிய எழுத்தைத் தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாது, அதனால் தமிழ்நாட்டு வாசகர்களுக்காகவும் சேர்த்து விளக்குகிறேன். நம் அட்டை எண் மாநில எண்ணில் தொடங்கும், பிறகு ஊரின் சுருக்கெழுத்து, பிறகு அடைப்புக்குறிக்குள் ஒரு சொல், கடைசியில் ஆறு இலக்கம். அந்த அடைப்புக்குறிக்குள் மக்வேக்காரனுக்கு 'நைங்' என்று இருக்கும். நைங்கன்தா, நாட்டின் பிள்ளை. உங்களுக்கு 'எ' என்று இருக்கும். எநைங்கன்தா. ஆங்கிலத்தில் இணைக்குடிமகன் என்று நாகரிகமாகச் சொல்வார்கள். பர்மிய மொழியில் 'எ' என்றால் விருந்தாளி. வீட்டுக்கு வருகிறவனுக்கும் அதே சொல்தான். இரவு தங்கும் உறவினர் பெயரை வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறோமே, 2021 பிப்ரவரியில் மறுபடி கட்டாயமாக்கினார்களே, அந்தப் பட்டியலின் பெயரிலும் அதே 'எ' தான். தாத்தா காலத்திலிருந்து விருந்தாளியாகவே இருக்கும் குடும்பம் என்று சொன்னால் எந்த மொழியிலும் சிரிப்பார்கள். சட்டத்தில் சிரிப்பதில்லை.

1982 அக்டோபரில் வந்த குடியுரிமைச் சட்டம் மூன்று படி வைத்தது. மேல்படியில் முழுக் குடிமகன், இளஞ்சிவப்பு அட்டை. நடுவில் விருந்தாளிக் குடிமகன், நீலம். 1948 சட்டத்தின்படி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் இதில் விழுந்தார்கள், உங்கள் தாத்தா அப்படி விழுந்தவராகத்தான் இருப்பார். மூன்றாவது, குடிமகனாக ஆக்கப்பட்டவர், பச்சை. மேல்படிக்கு அளவுகோல் 1823. அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் முதல் போர் தொடங்கியது. வெள்ளைக்காரனுக்கு முந்தி இருந்த இனத்தார் தைங்யின்தா, மண்ணின் பிள்ளைகள். பின்னால் வந்தவரெல்லாம் அவன் மூட்டையோடு வந்து இறங்கியவர். தைங்யின்தா என்று அரசு எண்ணி வைத்திருப்பது 135 இனம். அதில் தமிழர் இல்லை, சீனர் இல்லை.

இதைச் சொல்லும்போது பமா மக்கள் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூனில், இன்றைய யாங்கோனில், பாதிக்கு மேல் இந்தியர்கள். தன் தலைநகரத்தில் தானே சிறுபான்மையாக, துறைமுகத்து வேலைக்கு வரிசையில் கடைசியாக நின்ற மனிதனின் பேரன்தான் உங்கள் மக்வே நண்பன். அந்தக் கதை அவன் வீட்டிலும் மூக்குத்திக் கதைபோல ஓடிக்கொண்டிருக்கும். அதற்கான கணக்கை ஏழு மாடு வைத்திருந்தவனிடமும் இறால் உரிக்கிறவனிடமும் தீர்ப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

சட்டத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இணைக்குடிமக்கள் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளை முழுக் குடிமகன் ஆகலாம். எழுத்தில் அப்படித்தான். மூன்றாம் தலைமுறை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார்.

அந்த மேசைக்கு முன்னால் நான் கடைசியாக நின்றது என் தம்பி மகளுக்காக. பத்து வயதில் ஒரு அட்டை, பதினெட்டில் ஒரு அட்டை. பதினெட்டு ஆனதும் அவளை அழைத்துக்கொண்டு போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. தகரப் பெட்டி ஒன்றில் எல்லாம் இருந்தது. தாத்தாவின் மூன்றாக மடிக்கும் பழைய அட்டை, மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியது. பாட்டியுடையது. வீட்டுப் பட்டியல். பள்ளிச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் ஐந்து நகல். பமா பிள்ளைகள் ஒரு ஜன்னலில் நின்றார்கள், வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. நாங்கள் 'த்வேநோ' வரிசை. கலப்பு இரத்தம் என்று பொருள். எங்களோடு ஒரு சீனப் பையனும், தன் பாட்டி கொண்டுவந்த துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற ஒரு முஸ்லிம் பெண்ணும் இருந்தார்கள். காலை ஒன்பதுக்குப் போனவர்கள் பிற்பகல் மூன்று வரை நின்றோம்.

நின்றோம் என்பதைக் கவனியுங்கள். உட்கார நாற்காலி இல்லை. அங்கே இருந்த ஒரே நாற்காலியில் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். பர்மிய மொழியில் நாற்காலிக்குப் பெயர் கலாத்தைங். 'கலா உட்காருவது'. நம்மை அவர்கள் அழைக்கும் அந்தக் கெட்ட சொல்தான் 'கலா'. தரையில் உட்கார்ந்த நாட்டுக்கு மேற்கிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பொருள் என்பதால் வந்த பெயர். நம் பெயர் சொல்லும் ஒரே இருக்கையில் அவர் உட்கார்ந்திருக்க, நாம் ஆறு மணி நேரம் நின்றுகொண்டிருந்தோம். தம்பி மகளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

அங்கே நின்ற நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது பிள்ளைகளைத்தான். சீனப் பையனுக்கு அது வெறும் வேலை. கடவுச்சீட்டு வேண்டும், அதற்கு அட்டை வேண்டும், முடிந்தது. முஸ்லிம் பெண் எழுத்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தேர்வு முடிவு பார்ப்பதுபோல. அடுத்த ஜன்னல் பமா பிள்ளைகள் அட்டையை வாங்கியதும் தங்கள் புகைப்படம் அசிங்கமாக விழுந்திருக்கிறது என்று அங்கலாய்த்தார்கள். வேறு எதையும் அவர்கள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. சுவாசிக்கிறவன் காற்றைப் பார்ப்பதில்லை, மூச்சுத் திணறுகிறவனுக்குத்தான் அது தெரியும்.

உங்கள் அறைக்கு வருகிறேன். கரேன் நண்பனுக்கு இளஞ்சிவப்பு அட்டை இருக்கும். 135இல் அவனும் உண்டு. அளவுகோலில் தேறியவன். ஆனாலும் 'நாடு உன்னுடையது' என்கிறான். 1947 பிப்ரவரியில் பாங்லோங்கில், ஒரே நாடாகச் சேரும் ஒப்பந்தத்தில், விடுதலைத் தலைவர் ஆங் சானோடு ஷான், கச்சின், சின் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். கரேன்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களாகவே இருந்துவிட்டுப் போனார்கள். 1949இல் தொடங்கிய சண்டை அவன் தாத்தா, அப்பா, அவன் என்று மூன்று தலைமுறையைத் தாண்டிவிட்டது. நமக்குக் குடிமகன் என்று யாராவது எழுதித் தந்தால் போதும் என்றிருக்கிறது. அவனுக்குக் கேட்காமலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதுதான் குறை. தன் ஊரைத் தான் ஆள வேண்டும் என்று கேட்டவனிடம் ஒரு அட்டையை நீட்டினால் அவன் சிரிக்கத்தான் செய்வான். ரக்கைன் நண்பனின் மகாமுனிக் கிண்டலும் அந்த வகைதான். 1784இல் பர்மிய மன்னர் போதோபயாவின் படை ரக்கைன் நாடான அரக்கானைப் பிடித்துச் சிலையை மலை தாண்டி இழுத்துக்கொண்டு போனது. இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மகாசாயில் ஒரு இறால் தொழிலாளி அதைக் கேட்டுச் சிரிக்கிறான் என்றால், அது முழுக்கச் சிரிப்பில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரே பாடப்புத்தகத்தைப் படித்தவர்கள்தான். தினமும் காலையில் ஒரே கொடிக்கு முன் நின்றவர்கள்தான். வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவர் பாட்டியும் வேறு வேறு பாடம் நடத்தியிருக்கிறாள். எனக்குத் தெரிந்தவரை நம் நாட்டில் குடியுரிமையைக் கற்றுத்தந்தவர்கள் பாட்டிகள்தான். பாடப்புத்தகத்துக்கு அதில் பங்கு குறைவு.

உங்கள் அறையில் நான்கு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது ஒருவன் இருக்கிறான். அறைக்குள் இல்லை, அதனால்தான் சொல்கிறேன். சித்வேக்காரன் இருக்கும் அறையில் அந்தப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ரொஹிங்யா. நீல அட்டையும் இல்லாதவன். கையில் இருந்த தற்காலிக வெள்ளை அட்டையும் 2015இல் செல்லாது என்றாகிவிட்டது. தன் பெயரைத் தானே சொல்வதைக்கூட அரசு ஏற்றுக்கொள்ளவில்லை, 'பெங்காலி' என்றது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாஃப் ஆற்றைத் தாண்டி வங்கதேசத்துக்கு ஓடினார்கள்.

அந்த ஆண்டு நம் கோயில் மண்டபத்தில் என்ன பேச்சு ஓடியது என்று நினைவிருக்கிறதா? உங்களுக்குப் பதினாறு, பதினேழு வயது இருந்திருக்கும். 'நாங்கள் இந்துக்கள், அந்தக் கலா வேறு, நாங்கள் வேறு.' பெரியவர்கள் சொன்னார்கள். நெற்றியில் கொஞ்சம் அகலமாகவே திருநீறு பூசிக்கொண்டு வெளியே போனார்கள். எந்தச் சொல்லைக் கேட்டு நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தார்களோ, அதே சொல்லை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரன்மீது எறிந்தோம். எங்கள் தெருமுனையில் பிரியாணிக்கடை வைத்திருந்த சூலியா முஸ்லிம் (தமிழ் முஸ்லிம்) பெரியவர் ஒருவர் உண்டு. என்னைவிட நல்ல தமிழ் பேசுவார். அந்தப் பேச்சு நடக்கும்போது அவர் கோயில் வாசலில், யாருக்கோ கொடுக்க வேண்டிய சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

நன்றியைப் பற்றிக் கட்டுரை எழுதினவள் நான். இதை எழுதவில்லை.

2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்ட பிறகு சில மாதங்களில் ஒன்று நடந்தது. என்னிடம் தமிழ் படித்த ஒரு பெண், இருபது வயது, கைப்பேசியில் தான் பர்மிய மொழியில் எழுதியதைக் காட்டினாள். அந்த நாட்களில் நிறையப் பிள்ளைகள் ரொஹிங்யாக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். பமா பிள்ளைகள் கேட்டது புரிந்தது. இவள் ஏன்? நமக்கே ஆயிரம் தொல்லை. 'நீ என்ன செய்தாய் அவர்களை, மன்னிப்புக் கேட்க?' என்றேன்.

'ஒன்றும் செய்யவில்லை, சயாமா. அதற்குத்தான்' என்றாள்.

பொட்டலத்தோடு நின்ற பெரியவரைப் பற்றி அவளிடம் நான் சொல்லியதே கிடையாது.

அதற்காக இளைய தலைமுறை தங்கம், நாங்கள் பித்தளை என்று எழுதப்போவதில்லை. மன்னிப்புக் கேட்டவர்களில் எத்தனை பேர் இன்று தெருவில் ஒரு முஸ்லிமுக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பார்கள் என்பது வேறு கேள்வி. ஆட்சிக்கு வெளியே இருக்கும் தேசிய ஒற்றுமை அரசும் 2021 ஜூனில், 1982 சட்டத்தை எடுத்துவிட்டு, இங்கே பிறந்தவர் என்பதைக் கணக்கில் கொண்டு புதுச் சட்டம் செய்வோம் என்று அறிவித்தது. சொன்னவர்கள் கையில் அலுவலகம் இல்லை. அலுவலகம் வந்த பிறகு சொல்லட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. பக்கத்தில் இருப்பவனுக்கு நடப்பதற்குத் தானும் பொறுப்பு என்று அவள் நினைத்தாள். விருந்தாளி அப்படி நினைக்க மாட்டான். விருந்தாளிக்கு வீட்டுச் சண்டையில் பங்கில்லை, இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லி எழுந்துவிடுவான். அறுபது வருடம் எங்கள் தலைமுறை அப்படித்தான் சாப்பிட்டது. அவள் அட்டை என்ன நிறம் என்று நான் கேட்டதில்லை.

பகான் கல்வெட்டு. ஐயோ, அந்தப் படம் எனக்கும் வாரம் ஒருமுறை வருகிறது. கல்வெட்டு உண்மைதான். பகானுக்குத் தெற்கே மியின்கபாவில் கிடைத்தது, முதலில் வடமொழிச் சுலோகம், பிறகு தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், நானாதேசி விண்ணகர் என்ற கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய நிலைவிளக்கு ஒன்றும் கொடுத்திருக்கிறார். மகோதயர்பட்டினம் இன்றைய கொடுங்கல்லூர் என்பதால் மலையாளிகளும் அவருக்கு உரிமை கொண்டாடலாம், அந்தச் சண்டை தனி.

எடுபடுமா என்கிறீர்கள். அலுவலகத்தில் எடுபடாது. நம்பியின் விளக்குக்கும் உங்கள் தாத்தா தட்டோன் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்ததற்கும் நடுவே அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் இருக்கின்றன, அதைப் பாலம் போட்டு இணைக்க எந்த எழுத்தரும் ஒப்பமாட்டார். எடுபட்டாலும் எனக்கு அது வேண்டாம். 1823 என்ற கோட்டுக்கு நாமும் முந்தியவர் என்று வாதாடினால், அந்தக் கோடு சரியானது என்று கையெழுத்துப் போட்டதாகிவிடும். 135 என்பதை 136 ஆக்கச் சொல்லி நாம் உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வோம். துணிப்பையோடு நின்ற அந்தப் பெண் வெளியே நிற்பாள். நம்பி போட்ட கதவு அதற்கா? கோயிலின் பெயரைப் பாருங்கள். நானாதேசி, பல தேசத்தார். இன்ன ஊரான் கோயில் என்று பெயர் வைக்கவில்லை. நம் பையன்கள் படத்தைப் பரப்புகிறார்கள், அந்தப் பெயரை யாரும் படிப்பதில்லை.

இராணுவச் சேவையைப் பற்றி நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. ஆண்கள் 18 முதல் 35 வயது வரை, பெண்கள் 18 முதல் 27 வரை. எங்கள் வார்டில் வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தபோது நான் யாங்கோனில்தான் இருந்தேன். பிறந்த தேதி கேட்டார்கள். தாத்தா எந்த வருடம் கப்பலில் இறங்கினார் என்று கேட்கவில்லை. நகல் ஐந்து வேண்டாம், ஒன்றும் வேண்டாம். த்வேநோ வரிசை இல்லை. ஐந்தே நிமிடத்தில் என் தம்பி மகளும் எதிர்வீட்டுப் பமா பையனும் ஒரே தாளில், ஒருவர் பெயருக்குக் கீழே ஒருவர். பதினெட்டு வயதில் ஆறு மணி நேரம் நின்று பெற முடியாத சமத்துவம் அது. இரண்டு பேரும் இப்போது ஊரில் இல்லை. எங்கே என்று எழுதமாட்டேன்.

அவள் அட்டைக் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அன்று மூன்று மணிக்கு எழுத்தர் எங்களைக் கூப்பிட்டார். இனம், மதம் என்று ஒரு வரி உண்டு அல்லவா, அங்கே என்ன எழுதுவது என்று கேட்டார். 'தமிழ்' என்றாள் இவள். 'அப்படி ஒன்று இல்லை' என்றார். கெட்ட மனிதர் இல்லை, களைத்திருந்தார், மதியச் சாப்பாடு மேசையில் மூடியபடியே இருந்தது. அவராகவே எழுதினார்: இந்தியா கூட்டல் பமா, இந்து. வீட்டுக்கு வந்து அட்டையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். 'அத்தை, கூட்டல் பமா என்று போட்டிருக்கிறார்களே, நம் குடும்பத்தில் பமா யார்?' என்று கேட்டாள். தாத்தா வழி, பாட்டி வழி என்று எண்ணிப் பார்த்தோம். ஒருவரும் தேறவில்லை. மூலையில் படுத்திருந்த என் அம்மா, எண்பத்தெட்டு வயது, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: 'மாடாக இருக்கும்.'

இளஞ்சிவப்பு அட்டைதான் அது. அடைப்புக்குறிக்குள் 'நைங்' தான். ஆனால் அன்று அவள் அதிகம் சிரித்தது மாட்டுக்கு.

உங்கள் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மாற்றித் தருகிறேன் என்று தரகர் யாராவது மகாசாய் வரை வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள். தாத்தாவின் பழைய காகிதம் ஊரில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கரையான் எந்தச் சட்டத்துக்கும் காத்திருப்பதில்லை.

பொங்கல் கட்டுரையின் அந்த வரியை நீக்கவில்லை. கீழே உங்கள் கடிதத்துக்கும் இந்தப் பதிலுக்கும் இணைப்புக் கொடுத்திருக்கிறேன், படிக்கிறவர்கள் இரண்டையும் படிக்கட்டும்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது தம்பி. மக்வேக்காரன் அட்டையை விளக்குக்கு நேரே பிடித்து, போலியா என்று கேட்டான், சரி. நீங்கள் என்ன சொன்னீர்கள்? அவன் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொன்னான்? அதை எழுதாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
சயாமா